17 மி.மீ. தண்டு: செட்டிநாட்டில் ஒரு கோ-கார்ட் விபத்தின் நிகழ்வு ஆய்வு

காரைக்குடி வட்டாரத்துப் பொறியியல் கல்லூரி ஒன்றின் மாணவர் குழு, கல்லூரிகளுக்கிடையிலான போட்டிக்காகத் தாங்களே ஒரு கோ-கார்ட் (தரையோடு தாழ்ந்த சிறிய பந்தய வண்டி) கட்டியது. சோதனை ஓட்டத்தின்போது அதன் இடது முன்சக்கரம், தாங்கியிருந்த தண்டு முறிந்து கழன்று பறந்தது. ஓட்டிய மாணவருக்கு வலது மணிக்கட்டும் காறை எலும்பும் உடைந்தன. வேறு யாருக்கும் அடிபடவில்லை. காரணத்தைக் கண்டறியக் கல்லூரி என்னை அழைத்தது. ஆலை இயந்திரப் பராமரிப்பில் பணிக்காலத்தைக் கழித்தவன் நான். முறிந்த தண்டுகளைப் பார்த்துப் பழகியவன்.

சம்பந்தப்பட்டவர்களின் ஒப்புதலோடு, அவர்களை அடையாளம் காட்டும் விவரங்களைத் தவிர்த்து இதை எழுதுகிறேன். இதேபோல வண்டி கட்டும் மாணவர் குழுக்கள் பல மாவட்டங்களில் இருக்கின்றன. அவர்களில் பலர் இதே அளவு பேரிங்கை, இதே மாதிரி லேத் பட்டறையில் கொடுத்துக் கடைந்த தண்டில் மாட்டுகிறார்கள்.

பின்னணி

தமிழ்நாட்டின் மோட்டார் பந்தயம் கைவிடப்பட்ட விமான ஓடுதளத்தில் வளர்ந்தது. சென்னைக்கு அருகே சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க்கால ஓடுதளத்தில் பல பத்தாண்டுகள் பந்தயம் நடந்தது. பிறகுதான் இருங்காட்டுக்கோட்டையிலும் கோவையிலும் இதற்கென்றே தடங்கள் வந்தன. கோவைக்காரரான நாராயண் கார்த்திகேயன் 2005இல் ஃபார்முலா ஒன்னில் ஓடியது, இயந்திரவியல் படிக்கும் பிள்ளைகளிடம் இன்றும் பேச்சாக இருக்கிறது. செட்டிநாட்டிலும் அதே போர்க்காலத்து ஓடுதளம் ஒன்று கால்நடைப் பண்ணை நிலத்துக்குள் கிடக்கிறது. மாணவர்களுக்கு முதலில் அதன்மேல்தான் கண். அரசு நிலம், அனுமதி வாங்க வழி தெரியவில்லை.

ஆகவே தேவகோட்டைச் சாலையில், ஓட்டம் நின்றுபோன ஓர் அரிசி ஆலையின் நெற்களத்தைக் கேட்டு வாங்கினார்கள். அகலமான சிமெண்டுக் களம். ஆலைக்கு உரிமையாளர் வயதான ஓர் ஆச்சி. அவர் பணம் எதுவும் கேட்கவில்லை, ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்: "வண்டி ஓடுறப்ப ஒரு பிள்ளை களத்துல நிக்கப்படாது. பாக்க வர்றவுக அத்தனை பேரும் வளவுக்குள்ள நின்னுதான் பாக்கணும்." அந்த நிபந்தனையின் மதிப்பு பின்னால் தெரியவரும்.

நெல் காயவைக்கப் போட்ட களம் என்பதால் சிமெண்டு பாளம் பாளமாக வார்க்கப்பட்டிருந்தது. பாளங்களுக்கு நடுவே இணைப்புக் கோடுகள். சில இடங்களில் ஒரு பாளம் மற்றொன்றைவிட விரல் தடிமன் அளவுக்கு உயர்ந்து நின்றது. கோ-கார்ட்டுக்கு ஸ்பிரிங் கிடையாது. தரையில் இருக்கும் ஒவ்வொரு படியும் சக்கரம் வழியாக நேரே தண்டில் இறங்கும். பழைய டயர்களை அடுக்கியும் மணல் மூட்டை போட்டும் வளைவுகளைக் குறித்தார்கள். ஓட்டம் எப்போதும் வலஞ்சுழியாகவே. கோயிலைச் சுற்றுவதுபோல் சுற்றுவோம் என்று யாரோ சொல்ல, அது வழக்கமாகிவிட்டது. இதனால் பெரும்பாலான திருப்பங்கள் வலப்பக்கம் விழுந்தன. வலப்பக்கம் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரமான இடது முன்சக்கரமே பாரத்தைத் தாங்கும்.

ஹப் மாற்றம்

வண்டியை முதலில் கட்டியபோது முன்சக்கரத் தண்டின் விட்டம் 20 மி.மீ. பட்டறையில் இதை ஸ்டப் ஆக்சில் என்பார்கள். அதில் ஏறிய பேரிங்கின் அளவு எண் 6204. தண்டு அடிக்கட்டையோடு சேரும் மூலையில், கூராக இல்லாதபடி கடைந்தவர் 2 மி.மீ. அளவுக்கு வளைவு விட்டிருந்தார். பேரிங்குக்கும் அடிக்கட்டைக்கும் நடுவே ஒரு தடித்த வாஷர் இருந்ததால் அந்த வளைவு யாருக்கும் இடைஞ்சலாக இல்லை. அந்த அமைப்பில் பல வாரங்கள் வண்டி ஓடியது. ஒரு குறையும் இல்லை.

போட்டி மாசிக் கடைசியில். தை மாதத்தில் குழு முன்சக்கர ஹப்பை, அதாவது பேரிங்குக்கு இடம் தந்து சக்கரத்தைப் பிடிக்கும் நடுப்பாகத்தை, மாற்றத் தீர்மானித்தது. கையிலிருந்த ஹப் கனமானது. கடையில் கிடைத்த அலுமினிய ஹப் எடை குறைவு, பார்க்கவும் நேர்த்தி. அந்த முடிவில் பிழை காண மாட்டேன். ஆனால் புதிய ஹப்புக்குரிய பேரிங் 6203. அதன் உள்விட்டம் 17 மி.மீ. புதிய தண்டு செய்ய நல்ல எஃகு மதுரையிலிருந்து வர வேண்டும், பணமும் நாளும் பிடிக்கும். ஆகவே இருந்த எம்.எஸ். (சாதாரண மென் எஃகு) தண்டையே லேத்தில் மாட்டி 20இலிருந்து 17ஆகக் கடைந்துகொள்வது என்று முடிவாயிற்று.

பட்டறைக்காரர் முதலில் மூலையில் வளைவு விட்டே கடைந்தார். புதிய ஹப் அகலம் கூடியது. தடித்த வாஷருக்கு இடமில்லை. பேரிங் நேரே அடிக்கட்டையில் போய் உட்கார வேண்டும். 6203 பேரிங்கின் உள்வளைய ஓரத்தில் இருக்கும் வளைவு மிகச் சிறியது, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. தண்டின் மூலை வளைவு அதைவிடப் பெரிதாக இருந்தால் பேரிங் உள்ளே முழுதாக உட்காராது. உட்காரவில்லை. மாணவர்கள், "அண்ணே, மூலையில நிக்குது, அதை எடுத்துருங்க" என்றார்கள். அவர் கூர் முனையுள்ள டூலைக் கொண்டு மூலையைச் செங்குத்தாக எடுத்துக் கொடுத்தார். பேரிங் கச்சிதமாக உட்கார்ந்தது. வரைபடம் எதுவும் இல்லை, வாய்ப்பேச்சில் நடந்த வேலை.

இந்த ஒரு பத்தியில் நடந்ததுதான் விபத்து. பிறகு களத்தில் நடந்தது அதன் முடிவு.

கணக்கைப் போட்டுப் பார்த்தால் இப்படி வரும். உருண்டைத் தண்டின் வளைவுத் தாங்குதிறன் விட்டத்தின் கனமடிக்கு, அதாவது விட்டத்தை மூன்று முறை வைத்துப் பெருக்கிய அளவுக்கு, ஏற்ப மாறும். 20ஐ மும்மடியாக்கினால் 8000. 17ஐ மும்மடியாக்கினால் 4913. மூன்று மில்லிமீட்டர் குறைந்ததற்குத் தாங்குதிறன் ஏறத்தாழ 39 சதவீதம் போயிற்று. அதே பாரத்தில் தகைவு, அதாவது உலோகத்தின் ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரிலும் விழும் விசை, 1.6 மடங்கு ஆயிற்று. அதோடு கூர்மூலை. தகைவு அங்கே போய்க் குவியும். 2 மி.மீ. வளைவு இருந்தபோது ஒன்றரை மடங்கு அளவில் இருந்த குவிப்பு, கூர்மூலையில் இரண்டரை மடங்குக்கும் மேலே போகும். இரண்டும் ஒன்றோடொன்று பெருகும், கூடுவதில்லை.

17 மி.மீ. என்பதே தவறு என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. தொழிற்சாலையில் செய்த கோ-கார்ட்டுகளிலும் 17 மி.மீ. தண்டு பரவலாக உண்டு. அவற்றின் எஃகு வேறு, மூலையின் வளைவு வேறு.

1994 மே 1 அன்று இத்தாலியின் இமோலாவில் ஃபார்முலா ஒன் ஓட்டுநர் அயர்ட்டன் சென்னா இறந்த விபத்தை மோட்டார் பந்தயம் பார்க்கும் எல்லோரும் அறிவார்கள். அவர் ஓட்டிய வில்லியம்ஸ் காரின் ஸ்டீயரிங் தண்டின் கதையைப் பலர் கவனிப்பதில்லை. காக்பிட்டில் கைக்கு இடம் போதவில்லை என்று அவர் சொன்னதால், தண்டை வெட்டி, விட்டம் குறைந்த குழாயை இடையில் வைத்துப் பற்றவைத்திருந்தார்கள். முறிந்த தண்டில் உலோகச் சோர்வின், அதாவது திரும்பத் திரும்ப விழும் சுமையால் விரிசல் மெல்ல வளர்ந்ததன், தடம் இருந்தது. இத்தாலிய உச்ச நீதிமன்றம் 2007இல், மோசமாக வடிவமைத்து மோசமாகச் செய்யப்பட்ட அந்த மாற்றமே விபத்துக்குக் காரணம் என்றது. விபத்தைத் தொடங்கியது அதுதானா என்பதில் அணியின் பொறியாளர்களுக்கு மாற்றுக் கருத்து உண்டு. தண்டில் விரிசல் இருந்தது என்பதில் இல்லை. எதற்காக மாற்றம் செய்கிறோம் என்பது நியாயமாக இருக்கலாம். மாற்றியதை மறுபடி முதலிலிருந்து கணக்குப் பார்க்காமல் ஓட்டியதுதான் நெற்களத்திலும் நடந்தது.

ஓட்டத்தன்று

ஹப் மாற்றிய பின் சில நாள்கள் வண்டி நன்றாகவே ஓடியது. விபத்துக்குச் சில நாள் முன்பு வண்டியைத் தண்ணீர் விட்டுக் கழுவிப் பூசை போட்டிருக்கிறார்கள். இதைக் குறிப்பிடக் காரணம் உண்டு.

விபத்தன்று காலை ஓட்டத்தில் ஓட்டுநர் எதுவும் சொல்லவில்லை. பிற்பகலில் நேரம் குறிக்கும் சுற்றுகள் தொடங்கின. நடுவில் ஒருமுறை அவர் தானாகவே வண்டியை ஓரங்கட்டி, குழுத் தலைவரிடம் சொன்னது இது: "மாப்ள, வலப்பக்கம் திருப்பும்போது முன்னாடி ஏதோ வளையுற மாதிரி இருக்குடா. ஸ்டீயரிங் கையில அதிருது."

இரண்டு பேர் பார்த்தார்கள். சக்கர நட்டு இறுக்கமாக இருந்தது. ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடு சரி. டயரில் காற்று சரி. சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டியபோது கொஞ்சம் ஆட்டம் தெரிந்தது. "பேரிங் புதுசு, போகப் போக செட் ஆயிரும்" என்றார் ஒருவர். ஹப்பைக் கழற்றிப் பார்க்கலாம் என்ற பேச்சும் வந்திருக்கிறது. அந்த நட்டுக்குரிய ஸ்பேனர் கல்லூரிப் பட்டறையில் இருந்தது. வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. அன்றே நேரப் பட்டியலை ஆசிரியரிடம் கொடுக்க வேண்டியிருந்தது. இன்னும் இரண்டு சுற்று ஓட்டிவிட்டு நிறுத்துவோம் என்று தலைவர் சொன்னார். ஓட்டுநர் ஏறி உட்கார்ந்தார்.

இருபது வயதுப் பிள்ளைகள் எடுத்த முடிவு என்று இதைத் தள்ளிவிட முடியாது. 2005இல் நூர்பர்க்ரிங்கில் நடந்த ஃபார்முலா ஒன் பந்தயத்தில் கிமி ரைக்கோனன் முன்னணியில் ஓடிக்கொண்டிருந்தார். வலது முன்டயர் ஒரு பக்கம் தேய்ந்து தட்டையாகி, சுற்றுக்குச் சுற்று அதிர்வு கூடியது. அந்த ஆண்டு விதிப்படி பந்தயத்துக்கு நடுவே டயர் மாற்றுவதற்குக் கடும் கட்டுப்பாடு இருந்தது. அணி தொடர்ந்து ஓடவிட்டது. கடைசிச் சுற்றின் தொடக்கத்தில் சஸ்பென்ஷன் முறிந்தது, அவருக்குக் காயமில்லை. சென்னா இறந்ததற்கு முதல்நாள் அதே இமோலாவில் ரோலண்ட் ராட்சன்பெர்கர் தகுதிச் சுற்று ஓடினார். ஒரு சுற்றில் தடத்தை விட்டு விலகியபோது முன்சிறகில் அடிபட்டிருந்தது. நிற்காமல் அடுத்த சுற்றுக்குப் போனார். சிறகு முறிந்து, 300 கி.மீ.க்கு மேற்பட்ட வேகத்தில் சுவரில் மோதி இறந்தார். நூற்றுக்கணக்கான பொறியாளர்கள் இருக்கும் இடத்திலும் "இன்னும் ஒரு சுற்று" என்பதே எளிய முடிவாக வந்து நிற்கிறது. நிறுத்துவதற்குத்தான் யாராவது துணிந்து பேச வேண்டியிருக்கிறது.

அன்று மதியம் ஒரு மாணவி கைபேசியில் எடுத்த படம் ஒன்றை நான் பின்னால் பார்த்தேன். சமூக ஊடகத்தில் போட எடுத்த படம். இடது ஹப்பின் உட்பக்க விளிம்பில் காவி நிறத்தில் மெல்லிய பொடி படிந்திருக்கிறது. இரும்பும் இரும்பும் நுண்ணிய அளவில் உரசும்போது வரும் பொடி அது. பேரிங்கும் தண்டும் சேருமிடத்தில் அசைவு இருந்ததற்கான சான்று. அதை அழுக்கென்று எண்ணித்தான் எல்லோரும் கடந்திருப்பார்கள்.

விபத்து

இரண்டாம் சுற்றில், நேர்பாதையின் முடிவில் வலப்பக்கம் திரும்பும்போது இடது முன்சக்கரம் கழன்றது. காணொளியையும் பாளங்களின் நீளத்தையும் வைத்துக் கணக்கிட்டால் அப்போது வேகம் மணிக்கு ஏறத்தாழ 50 கி.மீ. வண்டியின் முன்மூலை தரையில் குத்தி, அரைவட்டம் சுழன்று, டயர் அடுக்கில் பக்கவாட்டில் மோதியது. ஓட்டுநர் கடைசி வரை ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்தார். மணிக்கட்டு உடைந்தது அதனால்தான். மோதுவது உறுதி என்று தெரிந்ததும் கையை எடுத்து மார்போடு சேர்க்கத் திறந்த சக்கர வண்டி ஓட்டுநர்களுக்குப் பழக்குவார்கள். இவருக்கு அதை யாரும் சொல்லித் தரவில்லை. ஹெல்மெட் அணிந்திருந்தார், தலைக்கு அடி இல்லை.

கழன்ற சக்கரம் டயர் அடுக்கைத் தாண்டி எகிறி, தண்ணீர்த் தொட்டிக்கு அருகே சுற்றுச்சுவரில் போய் மோதியது. அன்று காலை ஊர்ச் சிறுவர்கள் சிலர் அந்தத் தொட்டி விளிம்பில்தான் உட்கார்ந்திருந்தார்கள். வண்டி கிளம்புவதற்கு முன் ஆச்சி ஆளனுப்பி அவர்களை உள்ளே வரச் சொல்லியிருந்தார்.

பந்தயக் கார்களின் சக்கரங்களைக் கயிற்றால் உடலோடு கட்டும் விதி ஃபார்முலா ஒன்னில் 1999இல் வந்தது. அதன் பிறகும் 2000இல் மோன்சாவிலும் 2001இல் மெல்போர்னிலும் பறந்த சக்கரங்களால் தடப் பணியாளர்கள் இறந்தார்கள். 2009இல் பிராண்ட்ஸ் ஹாட்சில் வேறொரு காரிலிருந்து கழன்ற சக்கரம் தலையில் மோதி, 18 வயது ஹென்றி சர்டீஸ் இறந்தார். பிற்பாடு ஒவ்வொரு சக்கரத்துக்கும் இரட்டைக் கயிறு கட்டாயமாயிற்று. நம் மாணவர்களின் வண்டியில் கயிறே இல்லை. ஆச்சியின் சொல் ஒன்றுதான் இருந்தது.

முதலில் சொல்லப்பட்ட காரணங்கள்

அன்றிரவே காணொளி வாட்ஸ்அப்பில் சுற்றியது. பார்த்தவர்கள் சொன்னது ஒன்றுதான்: வளைவில் வேகம் அதிகம். காணொளியில் தெரிவது அப்படித்தான். வண்டி வருகிறது, திரும்புகிறது, சிதறுகிறது. துறையில் தயாரான முதல் வரைவு அறிக்கையும் "ஓட்டுநரின் அனுபவமின்மை" என்றே எழுதியிருந்தது. கைக் கட்டோடு படுத்திருந்த மாணவரும் அதை நம்பத் தொடங்கியிருந்தார்.

எனக்கு இதில் மிகுந்த வருத்தம் உண்டு. 1968இல் ஹாக்கன்ஹைமில் ஜிம் கிளார்க் தடத்தை விட்டு விலகி மரத்தில் மோதி இறந்தபோது, அவர் பிழை செய்திருப்பார் என்று உடன் ஓடியவர்கள் ஏற்கவில்லை. காரைத்தான் துருவினார்கள், பின்டயரில் காற்று இறங்கியிருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார்கள். உலக சாம்பியனுக்கு அந்த நம்பிக்கை தானாகக் கிடைக்கிறது. இரண்டாம் தலைமுறையாகக் கல்லூரி வாசல் மிதிக்கும் ஒரு பையனுக்கு அதைக் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. அவர் வண்டியை ஓரங்கட்டித் தெளிவாக முறையிட்டிருந்தார் என்பது அந்த வரைவில் ஒரு வரிகூட இல்லை.

உடைந்த பாகங்களைச் சாக்கில் கட்டிப் பழைய இரும்புக் கடைக்குப் போட வைத்திருந்தார்கள். அதைத் தடுத்தவர் தண்டைக் கடைந்த பட்டறைக்காரர். மறுநாள் காலை செய்தி கேட்டதும் நேரே ஆலைக்குப் போய், முறிந்த இரண்டு துண்டுகளையும் தனித்தனித் துணியில் சுற்றி எடுத்து வந்து ஆசிரியரிடம் கொடுத்தார். என்னைப் பார்த்தபோது, "நான் கடைஞ்சதுதாங்க சார். யாராச்சும் தெரிஞ்சவங்க பாத்துச் சொல்லட்டும்னுதான் எடுத்து வச்சேன்" என்றார். பழி தன்மேல் வரக்கூடும் என்று தெரிந்தே செய்தார். அவர் அப்படிச் செய்யாவிட்டால் இந்த ஆய்வே இல்லை.

முறிந்த முகம்

உலோகச் சோர்வால் முறிந்த தண்டின் முகத்தில் நடந்த வரலாறு பதிந்திருக்கும். அதைப் படிக்க வேண்டுமானால் முகத்தைத் தொடாமல் வைக்க வேண்டும். எல்லோருக்கும் முதலில் தோன்றுவது இரண்டு துண்டையும் பொருத்திப் பார்ப்பது. அப்படிச் செய்தால் நுண்ணிய மேடுபள்ளங்கள் நசுங்கி அழிந்துவிடும். கம்பிப் பிரஷ் போட்டுத் தேய்ப்பதும் அப்படியே. சக்கரத்தோடு போன துண்டு சிமெண்டில் உரசித் தேய்ந்திருந்தது. அடிக்கட்டையோடு நின்ற துண்டு நன்றாக இருந்தது. பத்து மடங்கு பெருக்கும் லென்ஸ் போதுமாக இருந்தது.

முறிவு கூர்மூலையிலேயே தொடங்கியிருந்தது. மேல்விளிம்பில் வரிசையாகச் சிறுசிறு படிகள். ஒரே இடத்தில் தொடங்காமல், மூலை நெடுகப் பல இடங்களில் விரிசல் ஒரே சமயத்தில் பிறந்ததற்கு அடையாளம். தகைவு குவியும் கூர்மூலையில் இப்படித்தான் ஆகும். அங்கிருந்து கீழ்நோக்கி, முகத்தின் பாதிக்கும் சற்று அதிகமான பகுதி வழவழப்பாக இருந்தது. அதில் வளைந்த கோடுகள், கோடைகாலத்தில் ஊருணித் தண்ணீர் வற்ற வற்றப் படிக்கட்டில் விட்டுப் போகும் கோடுகளைப்போல ஒன்றன்கீழ் ஒன்றாக. ஒவ்வொரு கோடும் விரிசல் சற்று நின்று மறுபடி நகர்ந்த இடம். அதாவது ஓட்டம் நின்று, மறுநாள் தொடங்கிய இடம். கீழ்விளிம்பில் இன்னொரு விரிசல், சிறிய பிறை அளவில். இரண்டுக்கும் நடுவே சாம்பல் நிறத்தில் சொரசொரப்பான ஒரு பட்டை. மிச்சமிருந்த அந்தப் பட்டைதான் கடைசி வளைவில் ஒரே இழுப்பில் அறுந்தது.

மேலிருந்தும் கீழிருந்தும் ஏன் விரிசல்? நேர்பாதையில் பாள இணைப்புகளின்மேல் ஏறும்போது தரை சக்கரத்தை மேலே தள்ளும். தண்டின் அடிப்பக்கம் இழுபடும். வலப்பக்கம் திரும்பும்போது தரை டயரின் அடியை உள்நோக்கித் தள்ளும். தண்டு எதிர்த்திசையில் வளைந்து மேல்பக்கம் இழுபடும். ஒரு சுற்றுக்குள் தண்டு மாறி மாறி இரு பக்கமும் வளைந்திருக்கிறது. எப்போதும் வலஞ்சுழியாகவே ஓடியதால் இடது தண்டின் மேல்விரிசல் வளர்ந்து பெரிதாயிற்று. "வளையுற மாதிரி இருக்குடா" என்று ஓட்டுநர் சொன்னது துல்லியமான உண்மை. விரிசல் விட்ட தண்டு உண்மையிலேயே வளைந்துகொண்டிருந்தது, அதுவும் அவர் சொன்ன அதே திருப்பத்தில்.

இன்னொன்று. வழவழப்பான பகுதியின் மேல்பாதியில் பழுப்பு நிறத் துரு படிந்திருந்தது, கீழ்ப்பாதியில் இல்லை. துருப்பிடிக்க ஈரமும் நேரமும் வேண்டும். வண்டியைக் கழுவிய அன்றே விரிசல் திறந்து தண்ணீரை உள்ளே வாங்கியிருக்கிறது. விபத்துக்குச் சில நாள் முன்னரே தண்டு பாதி வழி போய்விட்டது என்று இதை வைத்துச் சொன்னேன்.

முறியாத வலது தண்டையும் கழற்றச் சொன்னேன். சிவப்புச் சாயம் தெளித்து, துடைத்து, வெள்ளைப் பொடி அடித்துப் பார்க்கும் டை பெனட்ரன்ட் சோதனை செய்தோம். வலது தண்டின் அடிப்பக்க மூலையில் நூலிழை அளவுக்குச் சிவப்புக் கோடு எழுந்து வந்தது. திருப்பத்தின் உள்பக்கச் சக்கரத்தில் இழுவிசை விழுவது அடிப்பக்கம்தான். அங்கேயேதான் கோடும் இருந்தது. அதைக் கண்ணால் பார்த்தபின் அறையில் யாரும் வேகத்தைப் பற்றிப் பேசவில்லை.

எடுத்த முடிவுகள்

குழுவையே கலைத்துவிடலாம் என்ற எண்ணம் கல்லூரியில் இருந்தது. பெற்றோர் சிலரும் அதையே கேட்டார்கள். அவர்கள் பயம் நியாயமானது. நான் வேறு விதமாகப் பரிந்துரைத்தேன்: இந்த ஆண்டுப் போட்டியிலிருந்து விலகட்டும், குழு இருக்கட்டும். இவர்கள் நாளைக்குத் தொழிற்சாலையில் போய்த் தண்டு வரையப் போகிறவர்கள். தாங்கள் செய்த தண்டு ஏன் முறிந்தது என்பதைக் கையில் வைத்துப் படிக்கும் வாய்ப்பு வகுப்பறையில் கிடைக்காது. துறைத் தலைவர் ஏற்றுக்கொண்டார். வரைவு அறிக்கை திருத்தப்பட்டது. திருத்திய பிரதியை ஆசிரியரே மாணவரின் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பெற்றோரிடம் படித்துக் காட்டினார். என் பரிந்துரைகளில் இல்லாத செயல் அது. எல்லாவற்றிலும் தேவையானது அதுதான் என்று நினைக்கிறேன்.

தண்டைப் புதிதாகச் செய்ய இ.என். 24 என்ற வலிமை மிகுந்த கலப்பு எஃகு வாங்கப்பட்டது. விட்டம் 17 மி.மீ.யாகவே இருக்கட்டும் என்றேன், மூலைக்கு 2.5 மி.மீ. வளைவு. பேரிங் உட்காராதே என்ற பழைய சிக்கலுக்கு வழி எளிது: உள்விளிம்பைச் சரிவாகச் சீவிய ஒரு வாஷரை நடுவில் போட்டால், வாஷரின் சரிவு தண்டின் வளைவுக்கு இடம் விடும், அதன் தட்டையான முகத்தில் பேரிங் உட்காரும். ஹப்பின் அகலத்துக்கு ஏற்பத் தண்டின் நீளத்தைக் கூட்டினால் போதும். பட்டறைக்காரர் இதைக் கேட்டுவிட்டுச் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, வாஷரைத் தானே கடைந்து தருவதாகவும் கூலி வேண்டாம் என்றும் சொன்னார். கூலி கொடுக்கும்படி நான் வற்புறுத்தினேன். கூலி வாங்கிக்கொண்டு, வரைபடத்தில் அளவு போட்டுக் கையெழுத்திட்டுக் கேட்டால் மட்டுமே செய்யுங்கள் என்றேன்.

நிறுத்தும் உரிமை பற்றித்தான் நீண்ட விவாதம் நடந்தது. ஓட்டுபவர் கையைத் தூக்கினால் அன்றைய ஓட்டம் முடிந்தது, காரணம் கண்டு எழுதும் வரை வண்டி நகராது என்று விதி வைக்கச் சொன்னேன். சின்னச் சின்ன அதிர்வுக்கெல்லாம் நிறுத்தினால் பயிற்சியே நடக்காது என்று தலைவர் மறுத்தார். அந்த மறுப்பிலும் உண்மை உண்டு. கடைசியில், ஸ்டீயரிங், சக்கரம், பிரேக் மூன்றைப் பற்றிய புகார் என்றால் மறுபேச்சின்றி நிறுத்துவது என்று முடிவாயிற்று. ஹப்பைக் கழற்றும் ஸ்பேனர் களத்தில் இல்லாவிட்டால் வண்டி இறங்கக் கூடாது என்பதை மாணவர்களே சேர்த்தார்கள்.

ஒரு பாகத்தைக் கழற்றி மாட்டினால், மாட்டியவர் அல்லாத இன்னொருவர் பார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்பதும் நடைமுறைக்கு வந்தது. 1999இல் சில்வர்ஸ்டோனில் மைக்கேல் ஷூமாக்கரின் பின்பிரேக் செயலிழந்து கால் முறிந்ததற்கு, பிரேக்கில் காற்றெடுக்கும் சிறிய நிப்பிள் ஒன்று தளர்ந்திருந்ததே காரணம். ஃபெராரி போன்ற அணியிலேயே அது ஒரு கையின் வேலையாக நின்று தப்பிவிட்டது என்று எடுத்துச் சொன்னபோது, கையெழுத்து விதியை யாரும் மறுக்கவில்லை.

பின்னர் நடந்தது

ஓட்டிய மாணவரின் மணிக்கட்டுக்கு அறுவைச் சிகிச்சை செய்து தகடு வைத்தார்கள். பருவத் தேர்வை உதவியாளர் வைத்து எழுதினார். பிடிமானம் பெருமளவு திரும்பிவிட்டது. வண்டி ஓட்ட மட்டும் மறுத்துவிட்டார்; யாரும் வற்புறுத்தவில்லை.

அடுத்த ஆண்டு குழு போட்டிக்குப் போய், தொழில்நுட்பப் பரிசோதனையில் தேறி, முழுத் தூரமும் ஓடி முடித்தது. புதிய தண்டுகளைச் சாயச் சோதனையில் வைத்துப் பார்த்தபோது விரிசல் இல்லை. சோதனை ஓட்டத்தைப் பாதி வலஞ்சுழி, பாதி இடஞ்சுழி என்று மாற்றிக்கொண்டார்கள். இது தண்டைக் காக்கும் என்று சொல்ல மாட்டேன். ஒரு பக்கமே சுமையேறி மறுபக்கம் மறைந்திருக்கும் குறையைச் சீக்கிரம் வெளிக்கொணரும்.

இன்னும் மாற வேண்டியவை

சக்கரக் கயிறு இப்போது கட்டுகிறார்கள், மோட்டார் சைக்கிள் பிரேக் கேபிளைக் கொண்டு. அந்தச் சக்கரம் பறந்த வேகத்துக்கு இது தாங்காது என்பதை எழுத்தில் கொடுத்திருக்கிறேன். தகுந்த கயிறு வாங்கவும், அதை மாட்டும் கொக்கியைச் சட்டத்தின் வேறோர் இடத்தில் பற்றவைக்கவும் நிதி கேட்டிருக்கிறார்கள்.

1970இல் மோன்சாவில் யோகன் ரிண்ட் இறந்த விபத்தில் முன்பிரேக் தண்டு முறிந்ததுதான் தொடக்கம். உயிரைப் பறித்தது சரியாகப் பொருத்தாத தடுப்புக் கம்பி என்று இத்தாலிய விசாரணை சொன்னது. முறிவை எவ்வளவு தடுத்தாலும், முறிந்தபின் வண்டி எதில் போய் மோதும் என்ற கேள்வி தனியாக நிற்கிறது. நெற்களத்தில் டயர் அடுக்குகள் ஒன்றோடொன்று கட்டப்படாமல் இருந்தன. மோதியதும் பிரிந்து சிதறின. இப்போது போல்ட் போட்டுப் பிணைத்திருக்கிறார்கள். சுற்றுச்சுவருக்கும் தடத்துக்கும் இடையிலான தூரம் இன்னும் போதாது. களத்தின் அளவு அவ்வளவுதான் என்பதால், நேர்பாதையைச் சுருக்கி வேகத்தைக் குறைப்பதே வழி. குழு இதற்கு இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

விபத்தன்று மாணவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோனது ஆச்சியின் வீட்டுக் கார். முதலுதவி தெரிந்தவர் ஒருவரும் ஆம்புலன்ஸ் எண்ணுக்குச் சொல்லிவைத்த தகவலும் இல்லாமல் ஓட்டம் தொடங்கக் கூடாது என்பது இப்போது கல்லூரியின் அனுமதிக் கடிதத்திலேயே இருக்கிறது. சிகிச்சைச் செலவில் மாணவர் காப்பீடு கொடுத்தது ஒரு பகுதி. மிச்சத்தைக் கல்லூரியும் குடும்பமும் பகிர்ந்தன. சோதனை ஓட்ட விபத்தையும் சேர்க்கும் வகையில் காப்பீட்டை மாற்றும் பேச்சு நடந்துகொண்டிருக்கிறது.